கரிசல் காட்டில் 6 ஏக்கர் லேஅவுட்: பிளான் போடுறதுக்கு முன்னாடி மண்ணைப் பார்க்கணுமா?

#1 புஞ்சைக்காடு

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே எங்க குடும்பத்துக்கு 6 ஏக்கர் புஞ்சை இருக்கு. அப்பா காலம் வரைக்கும் பருத்தி, கம்பு, மல்லி. இப்ப சீமைக்கருவேலம்தான் மண்டிக் கிடக்கு. அண்ணன் தம்பி மூணு பேரும் பேசி, டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் வாங்கி மனை போட்டு வித்துரலாம்னு இருக்கோம்.

நிலம் எப்படின்னா, வடக்கு மேடு, தெற்கு பள்ளம். தென்கிழக்கு மூலையில ஐப்பசி மழைக்கு முழங்கால் அளவு தண்ணி நிக்கும், வடிய ஒரு வாரம் ஆகும். வடக்கே ஒன்றரை ஏக்கர் போல செவல், தோண்டினா சுக்கான் (சுண்ணாம்புக் கல்) வரும். மீதி பூரா கரிசல். நடுவுல தாத்தா வெட்டின கிணறு ஒண்ணு இருந்துச்சு, அதை எப்பவோ மூடியாச்சு.

டிராயிங் போடுறவர் ஒரு பிளான் குடுத்திருக்காரு. கிழக்கு மேற்கா அஞ்சு ரோடு, 140 மனை, எல்லாம் 1200 சதுரடி. பார்க் வடமேற்கு மூலையில. அங்க நிலம் கோணலா இருக்காம், மனை வெட்ட வராதாம். மண் பரிசோதனை எதுவும் வேணுமான்னு கேட்டேன். "அப்ரூவலுக்கு அதெல்லாம் கேக்க மாட்டாங்க, வீடு கட்டுறவன் பாத்துக்குவான்"னு சொல்லிட்டாரு.

பக்கத்து லேஅவுட்டுல நாலு வருசத்துக்கு முன்னாடி கட்டின காம்பவுண்டுச் சுவரெல்லாம் ரோட்டைப் பார்த்துச் சாஞ்சு நிக்குது. அதைப் பார்த்ததுல இருந்து மனசு ஒப்பல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

#2 விருதை_மனை

தம்பி, இருபது வருசமா இதே தொழில்ல இருக்கேன், பட்டுனு சொல்லிர்றேன். மனை வாங்க வர்றவன் கேக்குறது நாலே கேள்வி: அப்ரூவல் நம்பர் உண்டா, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பர் உண்டா, பேங்க் லோன் கிடைக்குமா, பஸ் எங்க நிக்கும். 2016-ல ஹைகோர்ட் உத்தரவு வந்த பிறகு அப்ரூவல் இல்லாத மனைக்குப் பத்திரம் போட முடியலைன்னு ஊருக்கே தெரியும், அதனால அந்தக் கேள்வி முதல்ல வரும். மண்ணு கரிசலா செவலான்னு இதுவரைக்கும் ஒருத்தன் கேட்டதில்ல.

சாயில் டெஸ்ட் செலவை மனை விலையில ஏத்தினா பக்கத்து சைட்டுக்காரன் நம்மளைத் தூக்கிச் சாப்பிட்டுருவான். பள்ளத்துல ரெண்டடி செவல் மண் அடிச்சு மட்டம் பண்ணு. பாக்கவும் அழகா இருக்கும், கல்லு ஊனவும் வசதி.

#3 போர்லாக்

சாயில் இன்வெஸ்டிகேஷன்தான் எனக்குச் சோறு போடுது, அதனால நான் சொல்றதை அந்தத் தள்ளுபடியோட படிங்க.

கரிசல்ல பிரச்சினை, அது வலுவில்லாத மண்ணுங்கிறது இல்ல. கோடையில கடப்பாரை இறங்காது, அவ்வளவு கெட்டி. அதுல இருக்கிற மாண்ட்மோரில்லனைட்ங்கிற களிமண் கனிமம் தண்ணியை அடுக்கடுக்கா உள்ளே வாங்கி உப்பும், காஞ்சா சுருங்கும். வருசா வருசம் இந்த ஏற்ற இறக்கம் நடக்கிற ஆழம் நம்ம நாட்டுக் கரிசல்ல ஏறத்தாழ 3.5 மீட்டர்னு எடுத்துக்குவோம். அதுக்கு மேல நிக்கிற எதையும் அது தூக்கும், இறக்கும்.

இதுல பலருக்குத் தெரியாத விஷயம், மாடி வீட்டைவிட ஒத்தைத் தட்டு வீடுதான் அதிகம் அடிவாங்கும். மாடி வீட்டோட பாரம் மண்ணோட உப்பல் அழுத்தத்தைக் கொஞ்சமாவது அமுக்கிப் பிடிக்கும். காம்பவுண்டுச் சுவர், திண்ணை, போர்டிகோ, தரை இதெல்லாம் லேசு, அதனால முதல்ல கிளம்புறது அதுகதான். நீங்க பார்த்த சாஞ்ச சுவர் அந்தக் கதைதான். ரோட்டுப் பக்கம் வடிகால் தண்ணி ஊறியிருக்கும், மனைப் பக்கம் காஞ்சிருக்கும், ரெண்டு பக்கமும் ஒரே அளவு உப்பாது.

முதல் கட்டச் சோதனைக்கு பெரிய செலவு கிடையாது. காஞ்ச மண்ணை 425 மைக்ரான் சல்லடையில சலிச்சு, பத்து பத்து கிராமா ரெண்டு 100 மில்லி அளவு ஜாடியில போடுங்க. ஒண்ணுல காய்ச்சி வடிச்ச தண்ணி, இன்னொண்ணுல மண்ணெண்ணெய். நல்லாக் கலக்கிக் காத்துக் குமிழை வெளியேத்திட்டு 24 மணி நேரம் அப்படியே விட்டுருங்க. மண்ணெண்ணெய்ல களிமண் உப்பாது, தண்ணியில உப்பும். ரெண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மண்ணெண்ணெய் மட்டத்தால வகுத்து நூறால பெருக்குனா ஃப்ரீ ஸ்வெல் இண்டெக்ஸ், மண்ணு எவ்வளவு உப்பும்னு சொல்ற எண். ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 2720, 40-ஆம் பகுதி. 50-க்குக் கீழ இருந்தா கவலை இல்ல. 50-லிருந்து 100 வரை நடுத்தரம். 100-ஐத் தாண்டினா சாதா புட்டிங் (ஆழமில்லாத அடித்தளம்) போட்டுட்டு நிம்மதியாத் தூங்க முடியாது. 200-க்கு மேல கடுமை. மண்ணெண்ணெய் கிடைக்கிறதுதான் இப்ப பெரும்பாடு.

எங்கெங்க தோண்டணும்? கட்டடத்துக்கு ஐ.எஸ். 1892 சொல்ற கணக்கு, 0.4 ஹெக்டேர், அதாவது நம்ம ஒரு ஏக்கருக்கு, நாலு மூலையில ஒண்ணு, நடுவுல ஒண்ணு. லேஅவுட்டுக்கு அவ்வளவு நெருக்கம் தேவையில்ல. ஜேசிபி வச்சு மேட்டுல, நடுவுல, பள்ளத்துல, நிறம் மாறுற எல்லையில, கிணறு இருந்த இடத்துக்குப் பக்கத்துல எட்டடி ஆழத்துக்குக் குழி எடுங்க. அதைப் பார்த்துட்டு ரெண்டு மூணு இடத்துல மட்டும் போர் போட்டு எஸ்.பி.டி. (குழாயைச் சுத்தியலால தட்டி இறக்கி, எத்தனை தட்டுக்கு இறங்குதுன்னு எண்ணி மண்ணோட கெட்டியைப் பார்க்கிற சோதனை) எடுத்தா போதும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க: சித்திரையில கரிசல்ல எஸ்.பி.டி. எடுத்தா எண் நல்லா வரும், கார்த்திகையில அதே இடத்துல கீழ இறங்கிரும். ரிப்போர்ட்டுல ஈரப்பதம் எவ்வளவுன்னு இல்லைன்னா அந்த எண்ணை நம்பாதீங்க.

விருதை அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. இங்க நீங்க டெஸ்ட் பண்ணலைன்னா 140 பேரும் தனித்தனியா பண்ணணும், இல்ல பண்ணாமக் கட்டி வெடிப்பைப் பார்க்கணும். யாரோ ஒருத்தர் தலையில விழத்தானே போகுது?

#4 முத்துநகர்வாசி

அந்த 'யாரோ ஒருத்தர்' நான்தான்.

கோவில்பட்டி பக்கம் மனை வாங்கிக் கட்டினேன். வாங்கும்போது சைட்டு பூரா செக்கச்செவேல்னு இருந்துச்சு. செவல் காடுன்னு நினைச்சுத்தான் அட்வான்ஸ் குடுத்தேன். கடைக்கால் தோண்டினா ஒன்றரை அடிக்குக் கீழ கன்னங்கரேல். விக்கிறவர்கிட்ட கேட்டா, "நாங்க மனையைத்தான் வித்தோம், மண்ணை இல்ல"ங்கிறார். அந்த வசனத்தை மறக்கவே முடியாது.

வீடு பில்லர் போட்டதால நிக்குது. ஆனா மூணாவது மழைக்கே பின்பக்கப் பாத்ரூம் தரை நடுவுல மேடு தட்டிருச்சு, கதவு தரையில உரசுது. பங்குனி வந்தா தானாத் திறக்கும், ஐப்பசி வந்தா திறக்காது. டைல்ஸ் மாத்தினோம், திரும்பவும் வந்துருச்சு.

மனை பார்க்கப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். தரையைப் பார்க்காதீங்க, பக்கத்து ஓடைக் கரையைப் பாருங்க. அங்க மண் அடுக்கு வெட்டுப்பட்டு அப்படியே தெரியும். நான் அதைப் பார்த்திருந்தா அட்வான்ஸே குடுத்திருக்க மாட்டேன்.

#5 துபாய்_தம்பி

பேசாம 6 ஏக்கர்லயும் பருத்தியே போடுங்க அண்ணே 😀

#6 பழைய_சர்வேயர்

மண்ணுக்குப் போறதுக்கு முன்னால காகிதத்தைப் பாருங்க தம்பி. எஃப்.எம்.பி. புலப்படம், அ-பதிவேடு, கிராம வரைபடம் மூணையும் எடுத்து மேசையில விரிங்க. எஃப்.எம்.பி.யில உங்க தாத்தா கிணறு குறியீடு போட்டிருக்கும். எல்லைக் கல்லுல இருந்து அளந்து அது எந்த மனைக்குள்ள விழுதுன்னு குறிங்க. மூடின கிணத்து மேல மனை விழக்கூடாது. குப்பையும் கருவேலங்கட்டையும் போட்டுத்தான் மூடியிருப்பீங்க, அது மக்கி இறங்கிக்கிட்டே இருக்கும். அது மேல ஒரு வீட்டோட மூலை வந்துச்சுன்னா, அந்த மூலை மட்டும் உட்காரும்.

அடுத்தது தண்ணி. தென்கிழக்கு மூலையில தண்ணி நிக்குதுன்னு சொல்றீங்க. அந்தப் பக்கம் கண்மாய் இருக்கா? இருந்தா வரத்துக்கால் எந்தச் சர்வே நம்பர் வழியாப் போகுதுன்னு பாருங்க. தரையில தூர்ந்து போயிருக்கும், காகிதத்துல உசுரோட இருக்கும். வாய்க்கால் புறம்போக்குன்னு ஒரு கோடு உங்க எல்லையில ஓடினா அதை ரோடாக் காட்டிப் பிளான் போட்டுராதீங்க. நீர்வளத்துறை தடையின்மைச் சான்றுல மாட்டும். மாட்டாமத் தப்பிச்சா இன்னும் மோசம், மழைக்குத் தண்ணி பழைய பாதையைத்தான் தேடி வரும். 2015-லயும், 2023 மிக்ஜாம் புயல்லயும் தாம்பரத்தை ஒட்டி முடிச்சூர், வரதராஜபுரம் பட்ட பாட்டை எல்லாரும் டிவியில பார்த்தோம். பட்டாவும் பத்திரமும் கையில வச்சுக்கிட்டுத்தான் அவங்க படகுல ஏறினாங்க.

#7 விருதை_மனை

எல்லாரும் சேர்ந்து தம்பியைப் பயமுறுத்தாதீங்கப்பா. கரிசல்ல வீடே இல்லையா? கோவில்பட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, எட்டயபுரம் எல்லாம் ஆகாசத்துலயா இருக்கு? ரெண்டடி செவல் அடிச்சு ரோலர் போட்டா ஒண்ணும் ஆகாது. அடிக்கிறதை ஒழுங்கா அடிக்கணும், அவ்வளவுதான்.

#8 போர்லாக்

அண்ணாச்சி, அந்த 'ஒழுங்கா'வுக்குள்ளதான் எல்லாமே இருக்கு. கணக்குப் போடுவோம். பள்ளம் ஒன்றரை ஏக்கர்னு வைங்க, 65,340 சதுரடி. ரெண்டடி உயரம்னா 1,30,680 கன அடி. மூணு யூனிட் (300 கன அடி) டிப்பர்ல 435 லோடு. அதுவும் இறுக்கின பிறகு உள்ள அளவு, தளர்வா வர்ற மண்ணு இன்னும் அதிகமா வேணும். இதை அரையடி, முக்காலடி அடுக்கா, சரியான ஈரத்துல ரோலர் ஓட்டி, ஒவ்வொரு அடுக்குக்கும் அடர்த்தி பார்த்துத்தான் அடிக்கணும். நடைமுறையில நடக்கிறது என்ன? டிப்பர் கொட்டும், ஜேசிபி பக்கெட்டால தட்டும், மறுநாள் மனைக்கல்லு.

அப்படிக் கொட்டின மண்ணுல தண்ணி சுலபமா இறங்கி, கீழ இருக்கிற கரிசல் மேல போய்த் தங்கும். வெயில்ல சீக்கிரம் காயவும் விடாது.

செவல் நிரப்பவே கூடாதுன்னு நான் சொல்லல. உப்பாத மண்ணை ஒரு மீட்டர் கனத்துக்கு இறுக்கிப் போட்டா உப்பலைக் கட்டுப்படுத்தலாம்னு ஐ.ஐ.டி. பாம்பேயில ஆர்.கே. கட்டிங்கிற பேராசிரியர் நிரூபிச்சிருக்கார், சி.என்.எஸ். அடுக்குன்னு சொல்வாங்க. கால்வாய்க் கரைக்கெல்லாம் அதைப் போடுறாங்க. ஆனா அதுக்கு மண்ணும் பசை உள்ளதா, உப்பாததா இருக்கணும். சும்மா சவுடு கொட்டுறது அது ஆகாது.

#9 கொத்தனார்_மவன்

எங்கப்பா காலத்துல இருந்து கரிசல்ல கட்டுறோம். நாங்க செய்றது, குழியை அஞ்சடி எடுத்து அடியில ஆத்து மணல் ரெண்டடி போட்டுத் தண்ணி விட்டு இறுக்கி, அது மேல புட்டிங். மணல் மெத்தை மாதிரி உப்பலை வாங்கிக்கும். இப்ப மணலுக்குப் பதிலா எம்-சாண்ட்.

#10 போர்லாக்

தம்பி, அந்த மணல் மெத்தையைப் பத்தி எங்க ஆளுங்களுக்குள்ளயே தகராறு உண்டு. என் கட்சி என்னன்னா, களிமண் குழிக்குள்ள மணலை நிரப்பினா அது தண்ணி தங்குற தொட்டி. கூரைத் தண்ணி, பாத்ரூம் தண்ணி எல்லாம் அதுக்குள்ள வந்து சேரும், சுத்தியுள்ள கரிசல் ஆற அமரக் குடிக்கும். மேல சுத்தி நல்ல ஏப்ரன் (வீட்டைச் சுத்திப் போடுற சிமெண்டுத் தளம்) போட்டுத் தண்ணியே இறங்காமப் பார்த்துக்கிட்ட வீடுங்க தப்பிச்சிருக்கு, அதையும் பார்த்திருக்கேன். ஆனா அங்க காப்பாத்தினது ஏப்ரன்தான்னு நான் நினைக்கிறேன்.

கரிசலுக்குன்னே நம்ம நாட்டுல வளர்ந்த முறை அண்டர்ரீம் பைல். ரூர்க்கி சி.பி.ஆர்.ஐ.ல (மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம்) உருவாக்கினது, ஐ.எஸ். 2911 மூணாம் பகுதி. ஆகர் (மண்ணைத் துளைக்கிற கருவி) வச்சு 3.5 மீட்டருக்குக் குறையாமத் துளை போட்டு, அடியில தண்டைவிட ரெண்டரை மடங்கு அகலத்துக்குக் குடம் மாதிரி விரிச்சு கம்பி கட்டிக் கான்கிரீட். வருசா வருசம் அசையிற மண்ணுக்குக் கீழ அந்தக் குடம் போய்ப் பிடிச்சுக்கும், மேல மண்ணு இழுத்தாலும் வராது. இன்னொரு முக்கியமான விஷயம், பிளிந்த் பீமுக்கு (சுவரைத் தாங்குற தரைமட்டக் கான்கிரீட் உத்தரம்) அடியில 80 மில்லிமீட்டராவது இடைவெளி விடணும். மண்ணு உப்பினா அந்த இடைவெளிக்குள்ள உப்பிக்கும், பீமைத் தள்ளாது. நல்ல பைல் போட்டுட்டு, பீமைத் தரை மேலயே வார்த்து மொத்தத்தையும் கெடுத்த சைட்டுகளும் இருக்கு.

#11 கொத்தனார்_மவன்

பீமுக்கு அடியில சந்து விட்டா பெருச்சாளி குடியிருக்கும்னு வீட்டுக்காரங்க ஒத்துக்கிறதில்ல சார். ரெண்டு பக்கமும் செங்கல் வச்சு மறைச்சுத் தர்றோம்னு சொல்லித்தான் சம்மதிக்க வைக்க வேண்டியிருக்கு.

#12 கோடுபோடுபவள்

நான் நகரமைப்புப் படிச்சுட்டு லேஅவுட் பிளான்தான் போடுறேன். பேச்சு அடித்தளத்துக்கே போயிட்டதால என் பங்குக்குப் பிளானை எடுக்கிறேன். கரிசல் காட்டுல அடித்தளத்தைவிட பிளான்லதான் அதிகம் தப்பிக்க முடியும்னு என் எண்ணம்.

6 ஏக்கர்னா 2,61,360 சதுரடி, கிட்டத்தட்ட 24,280 சதுர மீட்டர். 10,000 சதுர மீட்டரைத் தாண்டுறதால ஓ.எஸ்.ஆர். (பார்க் மாதிரி பொதுத் திறந்தவெளி ஒதுக்கீடு) பத்து சதவீதம் நிலமாத்தான் குடுக்கணும், பணமாக் கட்ட முடியாது. ரோடு 28 சதவீதம் போச்சுன்னா மீதி சுமார் 1,88,000. அதுல பத்து சதவீதம் 18,800 சதுரடி, 43 சென்ட்டு. ரோடும் பார்க்கும் ஊராட்சிக்குத் தானப் பத்திரம். ஆக 43 சென்ட்டு உங்க கையை விட்டுப் போறது போறதுதான். அது எந்த 43 சென்ட்டுங்கிறது மட்டும்தான் உங்க கையில இருக்கு. உங்க டிராயிங்காரர் நல்ல செவல் மண்ணைப் பார்க்குக்குக் குடுத்துட்டு, முழங்கால் தண்ணி நிக்கிற இடத்துல 12, 15 மனை வெட்டியிருக்கார். கோணல் மூலையில மனை வெட்ட வராதுங்கிறது சோம்பல். 1200 வராட்டி 1500, 1800-ன்னு ஒழுங்கில்லாத மனையா விடலாம், செவல் மண்ணுக்கு வாங்க ஆள் வரும்.

பார்க்கைத் தென்கிழக்குக்குக் கொண்டு போங்க. கிணத்தையும் முடிஞ்சா அதுக்குள்ள, இல்லைன்னா ரோட்டுக்குள்ள விழ வைங்க.

அடுத்தது ரோடு. வடக்கு தெற்கு நீளம் எவ்வளவு, எவ்வளவு சரிவுன்னு லெவல் எடுத்தீங்களா? தெற்கே சாயிற நிலத்துல கிழக்கு மேற்கா அஞ்சு ரோடு போட்டா ஒவ்வொரு ரோடும் ஒரு அணை. வடிகாலுக்கு வாட்டமே கிடைக்காது, மேல் மனைத் தண்ணி பூரா கீழ் மனைப் பின்சுவர்ல நிக்கும். நீள ரோடுகளை வடக்கு தெற்காத் திருப்பிட்டா, வடிகால் தானா ஓடும். வாஸ்துக்காரங்க கிழக்குப் பார்த்த மனை கேப்பாங்க, அதுவும் இதுலதான் அதிகம் கிடைக்கும்.

#13 புஞ்சைக்காடு

மேடம், லெவல் எடுத்தோம். வடக்கு தெற்கு 520 அடி, மொத்தச் சரிவு 4 அடி. சர்வேயர் ஐயா சொன்ன மாதிரி எஃப்.எம்.பி.யும் எடுத்தோம், கிணறு அந்தப் பிளான்படி 67-ஆம் நம்பர் மனையோட வடகிழக்கு மூலையில, சரியா ஈசானியத்துல உக்காந்திருக்கு. வாங்கினவர் அங்கதான் போர் போடுவார், பூஜை ரூம் கட்டுவார்.

பார்க்கைப் பள்ளத்துல வச்சா அதிகாரிங்க ஒத்துக்குவாங்களா? ஊராட்சிக்குச் சேத்தைத் தானம் பண்ணுறோம்னு ஆகாதா?

#14 கோடுபோடுபவள்

130 அடிக்கு ஒரு அடி வாட்டம், திறந்த வடிகாலுக்கு அருமை.

சேறு கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. ஓ.எஸ்.ஆர்.-க்கு நல்ல ரோடு முகப்பு குடுக்கணும், மூலையில ஒளிச்சு வைக்கக் கூடாது. ஒரு வாரம் தண்ணி நின்னா அது பார்க் இல்ல, குட்டை. ஆனா தண்ணி எவ்வளவுன்னு பாருங்க. மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை ஒரு மணி நேரம் பெஞ்சு, அதுல அறுபது சதவீதம் ஓடி வந்தா, 6 ஏக்கர்ல இருந்து ஏழேகால் லட்சம் லிட்டர். 43 சென்ட்டு பார்க்கை முழுசா ஒன்றரை அடி தாழ்த்தினா அதுல ஏறத்தாழ எட்டு லட்சம் லிட்டர் பிடிக்கும். வெளியேறுற வழியைச் சரியான மட்டத்துல வச்சு வரத்துக்காலுக்கோ ஓடைக்கோ வடிய விட்டீங்கன்னா ஒரு நாள்ல காஞ்சுரும். வருசத்துல பத்து மாசம் பிள்ளைங்க கிரிக்கெட் ஆடலாம். நடைபாதையும் பெஞ்சும் மேட்டு ஓரத்துல. ஓரமா கொஞ்ச இடத்தை மேடாவே விட்டு ஊஞ்சல் போடுங்க. வடிய வழி இல்லைன்னா இந்த யோசனையைக் கைவிடுங்க, அப்ப அது நிஜமாவே சேத்துத் தானம்தான்.

மரம் நடுறதுலயும் கவனம். சாலையோர மரம் வேணும், ஆனா கரிசல்ல வேம்பும் அரசும் கோடையில வேரால ஈரத்தை உறிஞ்சி மண்ணைச் சுருக்கும். வளர்ந்த மரத்தோட உயரம் அளவுக்காவது வீட்டுச் சுவர்ல இருந்து தள்ளி நடணும்னு ஒரு வழக்கம் உண்டு. 23 அடி ரோட்டுல அது நடக்காது, அதனால பெரிய மரமெல்லாம் பார்க்குல.

#15 முத்துநகர்வாசி

மழைநீர் சேகரிப்பைப் பத்தி யாருமே பேசலையே? எங்க வீட்டுல சட்டப்படி போட்டோம். கூரைத் தண்ணியை ஒரு குழியில விட்டாங்க, குழி பாத்ரூம் சுவர்ல இருந்து மூணடி. தரை உப்பினதே அந்தப் பக்கம்தான். இப்பத்தான் புரியுது.

#16 போர்லாக்

புரிஞ்சதுல தப்பே இல்ல. 2003-ல இருந்து நம்ம மாநிலத்துல மழைநீர் சேகரிப்பு கட்டாயம், நல்ல விஷயம்தான். ஆனா மணல் பாங்கான ஊருக்குச் சரிப்படுற ஆழமில்லாத உறிஞ்சு குழியைக் கரிசல்ல அப்படியே போட்டா, தண்ணியைக் கொண்டுபோய் அடித்தளத்துக்கு ஊட்டுற மாதிரி ஆகிடும். கரிசல்ல கூரைத் தண்ணியைத் தொட்டியில பிடிங்க. இல்ல, கரிசலைத் தாண்டி சுக்கானோ சிதைஞ்ச பாறையோ இருக்கிற ஆழத்துக்கு உறை கட்டின துளை வழியா இறக்குங்க, வீட்டுல இருந்து தள்ளி. லேஅவுட்காரர் வடிகாலைச் சரியாக் குடுத்து, பொதுவா ஒரு ஆழ் செறிவூட்டல் கிணறு பார்க்குல போட்டுட்டா வாங்கினவனுக்கு மிச்சம்.

செப்டிக் டேங்குக்கும் இதே கதைதான். ஐ.எஸ். 2470-ல உறிஞ்சு சோதனை இருக்கு. குழியில தண்ணி 25 மில்லிமீட்டர் இறங்க எவ்வளவு நேரம்னு பார்ப்பாங்க. 30 நிமிசத்துக்குள்ள இறங்கினா உறிஞ்சு குழி போடலாம். ஒரு மணி நேரத்தைத் தாண்டினா குழி, பரவல் வாய்க்கால் எதுவும் வேலைக்காகாது, வடிகட்டித்தான் வெளிய விடணும். ஈரமான கரிசல்ல அந்த ஒரு மணி நேரத்தைச் சுலபமாத் தாண்டிரும். 1200 சதுரடி மனையில டேங்கு, குழி, போர் மூணையும் வச்சு, குழிக்கும் குடிதண்ணிக் கிணத்துக்கும் 18 மீட்டர் விடுறது எப்படி? மனையோட மொத்த நீளமே 40 அடி, 12 மீட்டர். பக்கத்து வீட்டுப் போர் இன்னும் கிட்ட. 140 வீட்டுக் கழிவு நீர் எங்க போகும்னு பிளான் போடும்போதே பதில் இருக்கணும். வெளிப்படையாச் சொன்னா, நம்ம பக்கத்து லேஅவுட்டுகள்ல முக்காவாசியில அதுக்குப் பதிலே கிடையாது. ரோட்டு வடிகால்தான் பதில்.

ரோட்டைப் பத்தியும் ரெண்டு வரி. ஊற வச்ச கரிசல்ல சி.பி.ஆர். (ரோட்டைத் தாங்குற மண்ணோட வலுவைச் சொல்ற எண்) 2, 3-ன்னுதான் வரும். நேரா ஜல்லி கொட்டினா ஜல்லி மண்ணுக்குள்ள போயிரும். கீழ சுண்ணாம்பு கலந்து இறுக்குங்க, இல்ல உங்க வடக்குப் பக்கத்துக் கிராவலையே ஒன்றரை அடி இறுக்கிப் போடுங்க. வடக்குப் பக்கம் ரோட்டுக்கு வெட்டி எடுக்கிற மண்ணே கொஞ்சம் தேறும், வெளிய இருந்து வாங்குறது குறையும்.

#17 விருதை_மனை

கேக்க நல்லாத்தான் இருக்கு. மனை எத்தனை குறையுது, அதைச் சொல்லுங்க முதல்ல.

#18 கோடுபோடுபவள்

பார்க் இடம் மாறுறதால மனைப் பரப்பு குறையாது அண்ணாச்சி, 43 சென்ட்டு எங்க இருந்தாலும் 43 சென்ட்டுதான். வடிகாலுக்கு ரோட்டை ஒரு இடத்துல 30 அடி ஆக்குறதாலயும், கோணல் மூலையில பெரிய மனை வர்றதாலயும் எண்ணிக்கை 140-லிருந்து 131, 132-க்கு வரும். அதுக்குப் பதிலா 435 லோடு மண் மிச்சம். நீங்களே தட்டிப் பாருங்க.

#19 புஞ்சைக்காடு

தகவல் சொல்லத்தான் வந்தேன். ஏழு குழி எடுத்தோம். இங்க ஒரு பாலிடெக்னிக் லேப்ல சல்லடையும் ஜாடியும் குடுத்தாங்க, மண்ணெண்ணெய் பெரியம்மா வீட்டு விளக்குக்கு வச்சிருந்தது.

வடக்குக் குழி: தண்ணியில 13, மண்ணெண்ணெய்ல 11. அப்ப 18 சதவீதம். நடுக் குழி: 19-க்கு 11, 73 சதவீதம். பள்ளத்துல: 23-க்கு 11, 109. மறுநாள் காலையில போய்ப் பார்த்தப்ப தண்ணி ஜாடியில மண்ணு ரெண்டு மடங்குக்கு மேல ஏறி, தயிர் மாதிரி நிக்குது. பக்கத்துல மண்ணெண்ணெய் ஜாடியில அதே மண்ணு தேமேன்னு அடியில கிடக்கு. என் அண்ணன் அதைப் பார்த்த பிறகுதான் வாதாடுறதை நிறுத்தினான்.

பள்ளத்துக் குழியில கரிசல் ஏழடிக்குப் போகுது, அதுக்குக் கீழ சுக்கான் உருண்டைகளோட மஞ்சள் களி. நடுவுல நாலரை அடியிலேயே சுக்கான் வந்துருச்சு. வடக்கே ஓரடிக்கே கடப்பாரை தெறிக்குது.

ஆனா இப்ப வேற பிரச்சினை. அப்பா வாய்மொழியாப் பிரிச்சுச் சொன்ன பங்குல தென்கிழக்கு ரெண்டு ஏக்கர் தம்பியோடது. பார்க் அங்க போனா அவன் நிலம்தான் தானமாப் போகும். "உங்க மண்ணு செவல், அதனால என் மண்ணு பார்க்கா"ன்னு கேக்கிறான். அவன் கேக்கிறதுலயும் நியாயம் இருக்கு.

#20 பழைய_சர்வேயர்

பத்திரத்துல பிரியாம இருக்கிற வரைக்கும் நல்லது, இப்ப பிரிக்கவே பிரிக்காதீங்க. கூட்டுப் பட்டாவாகவே மூணு பேரும் சேர்ந்து விண்ணப்பம் போடுங்க. அதுக்கு முன்னால ஒரு குடும்ப உடன்படிக்கை எழுதி, விக்கிற பணத்தை எந்த மனை வித்தாலும் மூணு பங்குன்னு முத்திரைத்தாள்ல போட்டு வக்கீல்கிட்ட காட்டிப் பதிவு பண்ணிருங்க. நிலம் யாரோடதுங்கிற பேச்சு அதோட முடியும். பிரிச்சுட்டுத் தனித்தனியா லேஅவுட் போட்டீங்கன்னா மூணு பேருக்கும் மூணு கோணல் பிளான் வரும், பள்ளத்துத் தண்ணி தம்பி தலையில. விவசாய நிலம்னா நில உபயோக மாற்ற அனுமதி வேணுமான்னும் பார்க்கணும், அதையும் மறந்துராதீங்க.

#21 போர்லாக்

நல்ல வேலை பண்ணியிருக்கீங்க. அந்த ஜாடியைப் போட்டோ எடுத்து, குழி நம்பர், ஆழம், எண் எல்லாம் ஒரு தாள்ல போட்டு மனை விக்கும்போதே பத்திரத்தோட குடுங்க. பிளான்ல செவல், நடுத்தரம், கரிசல்னு மூணு நிறத்துல காட்டிருங்க. 109 வர்ற இடத்துல அண்டர்ரீம் பைல்னு எழுதுங்க. 73-ல எவ்வளவு ஆழத்துக்குப் போகணும்னு அந்தந்த மனையில பார்த்து முடிவு பண்ணணும், சுக்கான் மேலயே கிடைக்கிற இடத்துல அதுல உக்கார வச்சுரலாம். வாங்குறவன் இன்ஜினியருக்குப் பாதி வேலை மிச்சம். மண்ணுல சல்பேட்டும் பார்த்துருங்க, கரிசல்ல ஜிப்சம் இருக்க வாய்ப்பு உண்டு, இருந்தா சிமெண்டு வகை மாறும்.

#22 விருதை_மனை

மூணு நிறம் போட்டா கறுப்பு நிறத்து மனை விக்காதுடா சாமி! விலையைக் குறைச்சுத்தான் விக்கணும்.

#23 புஞ்சைக்காடு

அதைத்தான் முடிவு பண்ணியிருக்கோம் அண்ணாச்சி. சதுரடிக்கு மூணு விலை. பைலுக்கு ஆகுற கூடுதல் செலவைக் கணக்குப் போட்டுக் கரிசல் மனையில கழிக்கிறோம், வடக்கே கொஞ்சம் ஏத்துறோம். உடன்படிக்கைக்கு வக்கீலைப் பார்த்தாச்சு, தம்பியும் சரின்னுட்டான். வரத்துக்கால் எங்க எல்லைக்கு வெளிய, பத்தடி தள்ளிப் போகுதுன்னு எஃப்.எம்.பி.யில தெரிஞ்சுது. பார்க்குல இருந்து வடிகாலை அதுல சேர்க்க ஊராட்சியிலயும் நீர்வளத்துறையிலயும் எழுதிக் குடுத்திருக்கோம். பதில் வந்ததும் மேடம்கிட்ட புதுப் பிளான் கேக்கணும்.

#24 விருதை_மனை

சரி தம்பி, நடக்கட்டும். அந்த வடக்குச் செவல்ல கோணல் மூலைப் பெரிய மனை எத்தனை வருது? விலை ஏத்துறதுக்கு முன்னாடி ரெண்டு எனக்குன்னு எழுதி வை. மகனுக்கு வீடு கட்டணும்.